தேமொழியும் கண்ணாடி விளக்கும்

முன்னொரு காலத்திலே, மலைகளை மந்திரவாதிகள் ஆண்ட காலத்திலே, குறுஞ்சோலை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டுச் சந்தையில் வளையல் விற்றாள் தேமொழி. யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும், "தேமொழியைக் கேள்!" என்பார்கள். இரண்டு பக்கமும் கேட்டு, நொடியில் அவிழ்த்துவிடுவாள்.

சடாமகுடன் என்ற மந்திரவாதி இதைக் கேள்விப்பட்டான். பருந்தாகப் பறந்து வந்தான், அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மலைக்கோட்டையில் அடைத்தான். அங்கே ஒரு கண்ணாடி விளக்கு. எண்ணெய் இல்லை, திரி இல்லை. உள்ளே நடுப்பகல் சூரியன் போல ஒரு சுடர்!

"இது உன் அறிவு, பெண்ணே. சந்தை இரைச்சலிலேயே இவ்வளவு ஒளி என்றால், தனிமையில் எவ்வளவு வளரும்! வளர்ந்ததும் நான் குடிப்பேன்."

"வளராவிட்டால்?"

அவன் முற்றத்தைக் காட்டினான். அங்கே கற்சிலைகள் நின்றன. முன்பு அவன் தூக்கி வந்த அறிவாளிகள், சுடர் அணைந்து கல்லானவர்கள். ஏன் அணைந்தது என்று அவனுக்கே தெரியாது.

அறுசுவை உணவு இருந்தது, பட்டு மெத்தை இருந்தது, அறை நிறையச் சுவடிகள் இருந்தன. பேச ஒரு ஆள் இல்லை. சூரியனாக இருந்த சுடர் அகல்விளக்கானது. அகல்விளக்கு மின்மினியானது. தேமொழிக்குத் தன் தாயின் பெயர் மறந்தது. கால்விரல்கள் கல்லாகத் தொடங்கின.

அப்போது தவிட்டுக்குருவிக் கூட்டமொன்று சாளரம் வழியே சளசளவென்று நுழைந்தது. அவள் சோற்றை இறைத்தாள். உடனே சண்டை! ஒரு குருவி, "பருந்து! பருந்து!" என்று பொய்யாகக் கத்தி, மற்றவை சிதறியதும் சோற்றை அள்ளியது. மறுநாள் மற்றவை அதை நம்பவில்லை. நொண்டிக் குருவிக்கு மட்டும் இன்னொன்று ஊட்டிவிட்டது.

"இந்தக் குருவி ஏன் நொண்டிக்கு ஊட்டுகிறாள்? அந்தப் பொய்க்காரக் குருவி அடுத்து என்ன திருட்டு செய்வான்?" என்று தேமொழி யோசித்தாள். ஒவ்வொன்றின் மனத்துக்குள்ளும் புகுந்து பார்த்தாள். யோசிக்க யோசிக்க, மின்மினி அகல்விளக்கானது. அகல்விளக்கு சூரியனானது. கல்விரல்கள் அசைந்தன! அவள் மலைத்துப்போனாள். 'என் அறிவு எனக்குள் மட்டும் இருந்ததில்லையா!'

ஒளியைக் கண்டு சடாமகுடன் ஓடிவந்தான். தேமொழி அவன் கண்களைப் பார்த்தாள். எத்தனையோ காலம் தனியே கிடந்தவன். இன்னொருவர் பொய் சொல்லக்கூடும் என்றே அவனுக்குத் தோன்றாது என்று கண்டுகொண்டாள்.

"ஐயா, உறிஞ்சினால் பாதிதான் கிடைக்கும். கண்ணாடியை உடைத்தால் முழுவதும் உங்களுக்கே."

"அப்படியா?" என்று அவன் ஓங்கி உடைத்தான்.

சுடர் பாய்ந்தது! கோட்டைச் சுவர்கள் பனிபோல் கரைந்தன. சிலைகள் பெருமூச்சு விட்டுக் கண் திறந்தன. அவன் மந்திரமும் அதோடு போயிற்று. நரைத்த கிழவனாக நின்றான்.

மலையிறங்கும் வழி யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் ஓடைச் சத்தம் கேட்டார், ஒருத்திக்குக் காற்றின் திசை தெரிந்தது, இன்னொருவர் ஆட்டுத்தடம் கண்டார். வாதாடினார்கள், சிரித்தார்கள், வாதாட வாதாட வழி பிறந்தது. முகங்கள் ஒவ்வொன்றாய் ஒளிர்வதைத் தேமொழி வாய்பிளந்து பார்த்தாள்.

திரும்பினாள். கிழவன் ஒதுங்கி நின்றிருந்தான்.

"நீங்களும் வாருங்கள், ஐயா."

அவன் தயங்கித் தயங்கி நடந்தான். பாதி வழியில், வாழ்நாளிலேயே முதல்முறையாக, பக்கத்தில் நடந்தவரிடம் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான்:

"உங்கள் பெயர் என்ன?"

அவர்கள் எல்லாரும் ஊர் சேர்ந்து நலமாய் வாழ்ந்தார்கள். கூடியிருந்து கேட்ட நீங்களும் நலமாய் வாழுங்கள்.