மேஜையில் அளந்த உயரம்

கோதண்டபாணி வாய்க்கால் இன்ஜினியராக ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி மாணவரானவர். வழிகாட்டிப் பேராசிரியர் எஸ்தர் நவமணி அவரைவிடப் பல வயது சின்னவர். அதனால் அங்கே குரு சிஷ்யரை சார் என்பார். சிஷ்யர் குருவை மேடம் என்பார்.

தண்ணீருக்குள் வளரும் பாசியின்மேல் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி வாய்க்காலில் கோதண்டபாணி வேலம்பாசி என்ற நீண்ட தண்டுள்ள நீர்ச்செடியை நட்டுவைத்திருந்தார்.

நடுவில் மனைவி சுலோசனா இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுநாளே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். சார் அசையவே இல்லை என்று மற்ற மாணவர்கள் மெச்சினார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை. ஆனால் எல்லாரும் போன பிறகும் அவர் கிளம்புவதில்லை. வீட்டில் பேச ஆளில்லை. இங்கே மோட்டாராவது சத்தம் போடும்.

ஒரு சாயங்காலம் மகள் போனில் அழைத்தாள். தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள்.

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டார். தினமும் இதே பதில்தான்.

பிறகு பேராசிரியரிடம் போனார்.

"மேடம், என் கணக்குல தண்ணி மெதுவாப் போகுது. வாய்க்கால்ல வேகமாப் போகுது. எங்க தப்பு?"

"செடியோட உயரம் எப்படி எடுத்தீங்க?"

"பிடுங்கி, மேஜையில நீட்டி வெச்சு, ஸ்கேல்ல அளந்தேன். ஒவ்வொண்ணா. அதுல தப்பே வராது."

பேராசிரியர் கண்ணாடி வாய்க்காலுக்கு வந்து மோட்டாரைப் போட்டார். தேங்கி நின்ற தண்ணீர் ஓடத் தொடங்கியது. நிமிர்ந்து நின்ற பாசி மொத்தமும் ஓட்டத்தின் பக்கம் சாய்ந்து படுத்தது.

"இப்ப அளங்க."

கண்ணாடிமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பாதிகூட இல்லை.

"இது சாஞ்சு கிடக்கு மேடம். உண்மையான உயரம் இது இல்லையே."

"தண்ணி தாண்டிப் போற உயரம் இதுதான்."

இத்தனை வருஷம் வாய்க்கால் வெட்டியவனுக்கு இது தோன்றவில்லையே என்று கோதண்டபாணிக்கு வெட்கமாக இருந்தது. மேஜையில் போன் மறுபடி அடித்தது. மகள்தான். அவர் அப்படியே நின்றார்.

"எடுங்க சார்."

"எடுத்து என்ன சொல்ல? நல்லா இருக்கேன்னு இப்பத்தான் சொன்னேன்."

"அதுவும் மேஜையில அளந்ததுதான் சார்."

போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா" என்றாள் மகள்.

வெகுநேரம் அவளுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.