சருகுமான் சொல்லாத சத்தம்

ஒரு காட்டில், ஓடைக்கரை நாவல் மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது, குழந்தைகளே. அங்கே இருவாச்சிப் பறவைதான் ஆசிரியர். பாடம் நன்றாகவே நடத்துவார். ஆனால் கேலி பேசுவதில் அவருக்கு ஆசை அதிகம். தன் வகுப்பு எப்போதும் கலகலவென்று இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்த வகுப்பில் ஒரு சருகுமான் குட்டியும் படித்தது. முயல் அளவுதான் இருக்கும். கூச்சம் மிகுந்தது. காது மட்டும் மிகக் கூர்மை.

ஒருநாள் ஆசிரியர் கேட்டார்: "மழை வருவதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்கும்?"

"இடிச் சத்தம்!" என்று கத்தியது குரங்குக்குட்டி.

சருகுமான் தயங்கித் தயங்கி எழுந்தது. "ஐயா, அதற்கும் முன்னால்... எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்கும்."

"அப்படியா! எறும்புகள் செருப்புப் போட்டிருந்தனவோ?" என்றார் இருவாச்சி.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. குரங்குக்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

அன்று முதல் சருகுமானுக்கு 'எறும்புச் செருப்பு' என்றே பெயர். ஆசிரியரும் அப்படித்தான் கூப்பிட்டார். அது கடைசி வரிசைக்குப் போய்விட்டது. என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்ளும். 'இதற்கு ஒன்றும் தெரியாது' என்று அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

கோடையில் ஒருநாள் மூலிகைப் பாடம் நடந்தது.

"முயலே, ஓடையோரம் போய்க் கொஞ்சம் வல்லாரை பறித்து வா," என்றார் ஆசிரியர். முயல் துள்ளிக்கொண்டு ஓடியது.

சருகுமானின் காது நிமிர்ந்தது. கரையோரப் புதருக்குள் கனமாக ஏதோ ஊர்ந்தது. மெல்ல, நின்று நின்று ஊர்ந்தது. மலைப்பாம்பு!

சருகுமான் பாதி எழுந்தது. குரங்குக்குட்டி திரும்பிப் பார்த்து, "என்ன, எறும்பு வருகிறதா?" என்றது. அக்கம்பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. இருவாச்சியும் சிரித்துவிட்டார்.

'ஒருவேளை வெறும் காற்றாக இருந்தால்?' என்று சருகுமான் நினைத்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டது.

முயல் ஒரே ஒரு முறைதான் கத்தியது.

எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஈர மண்ணில் வல்லாரை இலைகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

"எனக்குக் கேட்டது... எனக்குக் கேட்டது..." என்று சருகுமான் விம்மியது.

இருவாச்சி கோபத்தோடு திரும்பினார். "கேட்டதா? அப்படியானால் ஏன் சொல்லவில்லை?"

"தப்பாக இருந்தால் நீங்கள் சிரிப்பீர்களே, ஐயா."

இருவாச்சி குனிந்து, சிதறிக் கிடந்த வல்லாரை இலைகளைப் பெரிய அலகால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

மறுநாள் வகுப்பில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஆனால் சருகுமான் வரவில்லை. ஆசிரியர் அதைத் தேடிக்கொண்டு காடெல்லாம் அலைந்தார். கடைசியில் ஒரு புதரடியில் சருகுகள் அசைவதைக் கண்டு, தரையில் இறங்கினார்.

"கண்ணு, தப்பு என்னுடையதுதான். வந்துவிடு. இனி நீ எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறேன்."

சருகு சலசலத்தது. அவர் ஆவலோடு காத்திருந்தார். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் போய் அடங்கியது.

நீதி: கேலிக்குப் பயந்த பிள்ளை, உயிர் காக்கும் சொல்லையும் விழுங்கிவிடும்.