ராஜா பறித்த கோவைப்பழம்

வெகுகாலத்துக்கு முன்னே கடம்பநாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் சபையில் ஒரு வழக்கம்: எதைப் பற்றியும் முதலில் ராஜாதான் வாய் திறக்கவேண்டும். பிறகு மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். ஆமாம் போட்டே ஏழு பேருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நான் பொய் சொல்லவில்லை.

ஒருநாள் சாயக்காரி மருதாயி, போருக்குக் கேட்ட செங்கொடியைத் தோய்த்துக் கொண்டுவந்து விரித்தாள். ராஜாவின் முகம் கடுத்தது.

"சிவப்புக் கேட்டால் பச்சையைக் கொண்டுவந்து நீட்டுகிறாயா?"

மருதாயி கொடியைத் தூக்கிக் காட்டினாள். "ஐயோ மகராசா! ரத்தச் சிவப்பு சாமி இது!"

அவளைச் சபைக்கு அழைத்துவந்தவர் அமைச்சர் முத்தழகர். அவர்மேல் தளவாய் வைரவநாதருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். துள்ளி எழுந்தார். "பச்சையேதான் மன்னா! வாழையிலை தோற்றது! அமைச்சர் பிடித்துவந்த ஆள் வேறு எப்படியிருப்பாள்?"

சபையே "பச்சை, பச்சை" என்றது.

"வெட்டுங்கள் இவள் கைகளை!" என்றான் ராஜா.

அமைச்சர் அதிர்ந்துபோனார். கொடியைப் பார்த்தார், ராஜாவின் கண்ணைப் பார்த்தார். சட்டென்று விஷயம் பிடிபட்டது. "அதற்குமுன் ஒரு பழம் சாப்பிடுங்கள், மகாராஜா" என்று வேலியில் கிடந்த காட்டுக் கோவைக்கொடியை வரவழைத்தார். "பழுத்ததாகத் தாங்களே பறிக்கவேண்டும். அமுக்கிப் பார்க்கக்கூடாது, கண்தான் சாட்சி."

ராஜா ஒன்றைப் பறித்துக் கடித்தான். விஷக் கசப்பு! காட்டிக்கொள்ளாமல் மீதியை நீட்டினான். "தளவாயே, பழம் எப்படி?"

தளவாய் மென்றார். கண்ணில் நீர் கொட்டியது. "தேன், மன்னா!"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் மூன்று பறித்தான். மூன்றும் பச்சைக் காய், கசப்பு. மூன்றுக்கும் தளவாய் "தேன்" என்றார். பிறகு அமைச்சர் சொல்ல, பத்தடி தள்ளி நின்று மருதாயி கைகாட்டிய ஐந்தும் தித்தித்தன.

"அப்படியானால் கோளாறு என் கண்ணிலா?"

"சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, மகாராஜா. அது உங்கள் குற்றமில்லை. இத்தனை நாள் எங்களில் ஒருவனும் சொல்லாததுதான் குற்றம்."

வெட்டச் சொன்ன கைகளுக்கு ராஜா பொன் காப்புப் போட்டான். கோவைக்கொடியில் மிச்சமிருந்த காயெல்லாம் தளவாய்க்கு என்றான். பிறகு தன் மேலாடையைத் தயங்கித் தயங்கித் தொட்டான்.

"மருதாயி, பட்டம் கட்டிய நாளில் நானே பொறுக்கியெடுத்த சிவப்புப் பட்டு இது. பதினெட்டு வருஷமாய்ப் போர்த்துகிறேன். இது...?"

"கிளிப்பச்சை, சாமி."

ராஜா போட்ட அலறலில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தவை பறந்தவைதான். இன்றைக்கும் கடம்பநாட்டில் ஒரு புறா கிடையாது.