கடுகுக்கு ஒரு வீடு

மரகதவல்லிக்கு நாற்பத்து நான்கு வயது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த அறவாழிக்கு அறுபத்திரண்டு.

அறவாழி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மரகதவல்லி கால்நடை மருத்துவமனையில் பதினெட்டு வருடம் உதவியாளராக இருந்தவர். பிறகு சிறுமலை அடிவாரத்தில் இரண்டு தகரக் கொட்டகை போட்டு, கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய போர்வைகளைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் அறவாழி முதல் நாள் அங்கே வந்தார். மரகதவல்லி ஒரு கிழட்டு நாயின் காதிலிருந்து உண்ணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். நாய் கண்ணை மூடி அவர் மடியில் கிடந்தது. அறவாழி அரை மணி நேரம் நின்று பார்த்தார்.

"எனக்கு இதைச் சொல்லித் தருவீங்களாம்மா?"

"எதை சார்? உண்ணி எடுக்கறதையா?"

"இல்லம்மா. உங்க மடியில பயமே இல்லாம கிடக்குதே, அதை."

மரகதவல்லி ஒரு துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.

"முதல்ல கொட்டகையைக் கூட்டுங்க."

அறவாழி கூட்டினார். மறுநாளும் வந்தார். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு, நாய் முடி ஆகாது. அதனால் தினமும் வீட்டுக்குத் திரும்பியதும் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். மனைவி எடுத்து வைத்த சோப்பும் துண்டும் கொல்லையில் தயாராக இருந்தன.

ஒரு பங்குனி மாதத்தில் அந்த நாய் வந்து சேர்ந்தது.

பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அதைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சிமெண்டு மூட்டைகளுக்குக் காவலாகக் குட்டியிலேயே கொண்டுவந்தது. வேலை நின்றது, ஆட்கள் போய்விட்டார்கள். மேஸ்திரி சில நாள் வந்து சோறு போட்டார். பிறகு அதுவும் நின்றது. பக்கத்து மாடிக்குத் துணி காயப்போட வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு மரகதவல்லிக்குப் போன் செய்தாள்.

சங்கிலியை யாரும் தளர்த்தவே இல்லை. கழுத்து வளர வளர அது சதைக்குள் இறங்கியிருந்தது. மரகதவல்லி பல்லைப் பார்த்து, ஒன்பது மாதம் இருக்கும் என்றார். எடை நாலு மாதக் குட்டியின் எடை.

அறவாழிதான் அதற்குக் கடுகு என்று பேர் வைத்தார்.

கடுகு நான்கு நாள் எதையும் தின்னவில்லை. சுவர் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. ஐந்தாம் நாள் அறவாழி தரையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து, கையைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்திருந்தார். கால் மரத்துப்போன பிறகு, ஈரமான ஒரு நாக்கு அவர் கையைத் தொட்டது.

அன்று வீட்டில் மனைவியிடம் அதைச் சொன்னார். "திரும்பிப் பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டார். "பார்க்கலை. பார்த்தா போயிடும்னு பயம்" என்றார்.

அதிலிருந்து கடுகு அவர் கையில்தான் சாப்பிட்டது. தட்டில் வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். மரகதவல்லி கொடுத்தாலும் அப்படித்தான். இரண்டு மாதத்தில் புண் ஆறியது. முடி வளர்ந்தது. அறவாழியின் சைக்கிள் மணி தூரத்தில் கேட்டாலே எழுந்து நிற்கும்.

ஒரு நாள் மரகதவல்லி சொன்னார்.

"சார், கடுகு தேறிட்டான். வீடு பாருங்க."

"யாருக்கும்மா?"

"அவனுக்குத்தான்."

அறவாழிக்கு அன்று வேலையே ஓடவில்லை. ஆனால் எதையும் முறையாகச் செய்து பழகியவர். ஒரு நோட்டு வாங்கினார். கோடு போட்டு, இருபத்திரண்டு கேள்விகள் எழுதினார். சுற்றுச்சுவர் எத்தனை அடி? வீட்டில் எத்தனை பேர்? பகலில் யார் இருப்பார்கள்? முன்னால் நாய் வளர்த்ததுண்டா? அதற்கு என்ன ஆயிற்று?

முதலில் ஒரு ரைஸ்மில்காரர் வந்தார். பெரிய வீடு, தோட்டம், வேலையாட்கள். அறவாழி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவர் நாலடிதான், வேண்டாம் என்று சொன்னார்.

அடுத்து ஒரு கணவன் மனைவி. இருவரும் வங்கியில் வேலை. "பகல்ல யாரும் இல்லை. தனியா ஏங்கிப் போயிடுவான்" என்றார்.

மூன்றாவதாக ஒரு குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள். கடுகைப் பார்த்ததும் கை தட்டிக் குதித்தார்கள். "ரொம்பச் சத்தம்" என்றார் அறவாழி.

மரகதவல்லி மூன்று முறையும் வந்தவர்களை வழியனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் காலை அறவாழி நோட்டை மூடி வைத்துவிட்டு மரகதவல்லி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். இதுதான் சரியான வீடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அந்த நோட்டைக் கொடுங்க சார்."

கொடுத்தார். மரகதவல்லி கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தார்.

"சுற்றுச்சுவர் எத்தனை அடி? நமக்குச் சுவரே இல்லை, கம்பி வேலி. அதிலயும் ரெண்டு ஓட்டை."

அறவாழி சிரித்தார்.

"நாயைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர்? முப்பத்தோரு நாய்க்கு ரெண்டு பேர். சத்தம் எப்படி? அது உங்களுக்கே தெரியும். இரவில் யார் துணை?" மரகதவல்லி கண்ணாடியைக் கழற்றினார். "சார், இந்த இடத்துக்கு நீங்க ஒரு எலிக்குட்டியைக்கூடக் கொடுக்க மாட்டீங்க போலிருக்கே."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அறவாழி அதைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அந்த வாரம் இருதயமேரி வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இரண்டு அறை வீடு, முள்வேலி, ஏழு கோழிகள். காலை எட்டு மணிக்குப் போனால் மதியம் மூன்று மணிக்குத்தான் திரும்புவார்.

அறவாழி மனத்துக்குள் மதிப்பெண் போட்டார். தேறவில்லை.

"நாய் எதுக்கும்மா வேணும்? காவலுக்கா?"

"என்கிட்ட என்ன இருக்கு, காவல் காக்க? சும்மாதான் சார். வேலை முடிஞ்சு வரும்போது, ஒரு உசுரு எட்டிப் பார்த்தா நல்லா இருக்கும்ல."

கடுகு வழக்கம்போல மூலையில் ஒதுங்கியது. இருதயமேரி அதைக் கூப்பிடவில்லை. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவன் எதுக்கெல்லாம் பயப்படுவான்?"

அறவாழி நிமிர்ந்து பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் கடிக்குமா, ஜாதி நாயா, சொன்னால் கேட்குமா என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"சங்கிலிச் சத்தம் ஆகாது. கேட்டா நடுங்கிப் போயிடுவான்."

"அச்சச்சோ. எங்க கெணத்து வாளி சங்கிலிலதானே தொங்குது." அவர் யோசித்தார். "சரி, கயிறு மாத்திப்புடறேன்."

அறவாழி மரகதவல்லியைத் தனியாக அழைத்துப் போனார்.

"நல்ல மனுஷிதாம்மா. இல்லேங்கலை. ஆனா அவன் என் கையில மட்டும்தானே சாப்பிடறான்? அங்க போய்ப் பட்டினி கிடந்தா?"

"அப்படியா சொல்றீங்க? சரி, சோத்தைப் பிசைஞ்சு எடுத்துட்டு வாங்க."

அறவாழி பிசைந்து கொண்டுவந்தார். மரகதவல்லி கிண்ணத்தை வாங்கி இருதயமேரியிடம் கொடுத்தார்.

"நீங்க கேட்டுக்கு வெளியே போய் இருங்க சார். நான் கூப்பிடும்போது வாங்க."

அறவாழி வெளியே போனார். சாலையோரம் ஒரு வேப்பமரம். அதன் கீழே நின்றார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஒரு லாரி போனது. ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி, "என்ன வாத்தியாரே, வெளியே நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் காது முழுக்க உள்ளேதான் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மரகதவல்லி கூப்பிட்டார்.

இருதயமேரி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். கடுகு இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தது. கிண்ணத்தில் பாதிச் சோறு இல்லை.

"சாப்பிட்டானா?"

"பாதி சாப்பிட்டான்" என்றார் மரகதவல்லி.

"நல்லது. ரொம்ப நல்லது" என்றார் அறவாழி. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவப் போனார். மரகதவல்லி பின்னாலேயே வந்தார்.

"சார், மரத்தடியில நின்னப்ப மனசுல என்ன வேண்டிக்கிட்டீங்க?"

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அறவாழி கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

"அவன் சாப்பிடக் கூடாதுன்னும்மா" என்றார் கடைசியில்.

மரகதவல்லி குழாயை மூடினார்.

இரண்டு நாள் கழித்து, கயிறு மாற்றியாயிற்று என்று இருதயமேரி போன் செய்தார். அன்று மாலையே ஆட்டோ கொண்டுவந்தார். அறவாழிதான் கடுகைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். எதைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது, எந்தக் காது அடிக்கடி புண்ணாகும், எங்கே தடவினால் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இருதயமேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரட்டுமாம்மா?" என்று அறவாழி அன்றே கேட்டார்.

"ஒரு மாசம் போகட்டும் சார்."

முப்பது நாளும் எப்படிப் போயின என்று அவர் மனைவிக்குத்தான் தெரியும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார், போட்டால் கரிக்கிறது என்பார்.

முப்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் எலும்பு பிஸ்கட் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினார். மதியத்துக்கு மேல் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். மரகதவல்லி ஒரு நாய்க்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கான்?"

"சதை போட்டிருக்கான். கோழியெல்லாம் அவன் மேல ஏறி நடக்குது, பேசாம படுத்திருக்கான். அந்தம்மா உள்ள போனா இவனும் உள்ள போறான், வெளிய வந்தா வெளிய வர்றான்."

"அப்புறம் ஏன் சார் முகம் இப்படி இருக்கு?"

அறவாழி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைப் பார்த்துக் குரைச்சான்மா."

மரகதவல்லி கட்டுத்துணியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்களையா?"

"ஆமா. வேலிப் படலைத் தொட்டேனோ இல்லையோ, பாய்ஞ்சு வந்து அப்படி ஒரு குரைப்பு. அந்தம்மா ஓடிவந்து, டேய், நம்ம சாருடான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் மோந்து பார்த்தான். வாலை ஆட்டினான். பிஸ்கட் தின்னான். கொஞ்ச நேரம் கால்ல சாய்ஞ்சான். திரும்பவும் வாசல்லயே போய்ப் படுத்துக்கிட்டான்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "இந்தக் கையிலதானேம்மா அவன் சாப்பிட்டான். மூணு மாசம். ஒரே மாசத்துல என்னை வேத்தாளாக்கிட்டானே."

மரகதவல்லி முடிச்சை இறுக்கி, நாயின் காலை மெல்லத் தரையில் வைத்தார். அது நொண்டிக்கொண்டே போய் நிழலில் படுத்தது.

"சார், இங்க மூணு மாசம் இருந்தான். எத்தனை பேர் இந்தக் கேட்டைத் திறந்துக்கிட்டு வந்தாங்க. ஒருத்தரைப் பார்த்தாவது குரைச்சானா?"

அறவாழி யோசித்தார்.

"இல்லையேம்மா."

"தன் வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தான் சார், வாசல்ல நின்னு யாருன்னு கேக்கத் தோணும்."