தேங்காய்க்குப் பின்னிய குல்லா

"ப்ரஷர் குறையும்னு டாக்டர் பின்னச் சொன்னார். இப்போ ஏறிக் கிடக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

சாராள் டீச்சர் அவர் கையிலிருந்த பின்னலை வாங்கி, ஒரு கண்ணிக்குள் ஊசியை விட்டுப் பார்த்தார். ஊசி போகவில்லை.

"இவ்வளவு இறுக்கினா எறும்புகூட நுழையாது சார்."

"தளர்த்தினா அவிழ்ந்து போயிடாதா?"

"நூலை நீங்க இழுக்காதீங்க. அதுவே வரும்."

"அதுவே எது வந்திருக்கு? என் சர்வீஸ் முழுக்க ஆளை விட்டு இழுக்காம ஒண்ணும் வந்ததில்லை."

டீச்சர் சிரித்துக்கொண்டே பின்னலைத் திருப்பிக் கொடுத்தார்.

ஏகாம்பரம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டுப் பழகிய மனுஷன். குன்னூரில் தேவாலயத்துப் பக்கத்துக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் சாராள் டீச்சர் கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுத்தார். டீச்சருக்கு அவரைவிட வயது குறைவு. பெண்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் மீசை வைத்த மாணவர் இவர் ஒருத்தர்தான்.

முதல் வரிசை ஒழுங்காக வந்த அன்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியோடு அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மார்க்கெட் வரை போய்வந்தார். கேட்டவர்களிடம் சொன்னார். கேட்காதவர்களை நிறுத்திச் சொன்னார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வரிசைவரை தாங்கியது.

வீட்டுப் பூனை நூலுண்டையை அலமாரிக்கு அடியில் கொண்டுபோய்க் குடும்பம் நடத்தியது. கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் பாக்கியத்துக்குப் புருஷன் ஞாபகம் வரும்.

"காபி ஆறுது."

"எண்ணிக்கிட்டிருக்கேன் பாக்கியம்!"

"எண்ணுங்க. யார் வேண்டாம்னது? காபி வேணுமா, வேண்டாமா?"

அவ்வளவுதான். எண்ணிக்கை போச்சு. மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு குல்லாவை முடித்துவிட்டார். நீல நிறம், சின்னக் குல்லா. அதை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து நல்லாயிருக்கு என்றார்கள். அடுத்த வாரம் அதைப் பிரித்து உண்டையாகச் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஓரம் கோணல்" என்றார்.

மறுபடி பின்னினார், மறுபடி பிரித்தார். அப்போது உச்சி கூம்பிவிட்டதாம். அதற்கப்புறம் ஒரு காரணமும் சொல்லவில்லை, பிரித்ததோடு சரி. பிரித்துப் பிரித்து நூல் நெளிநெளியாகச் சுருண்டு போயிருந்தது.

"யாருக்கு சார் குல்லா?" என்று ஒருநாள் டீச்சர் கேட்டார்.

"பேரனுக்கு."

"எந்த ஊர்ல இருக்கான்?"

"கோத்தகிரி."

"பக்கம்தானே."

"பக்கம்தான்" என்றார் ஏகாம்பரம். பிறகு ஊசியை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

அவருடைய மகள் தமயந்தி அரசாங்க வேலையில் இருந்தவள். பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதை ராஜினாமா செய்துவிட்டு, புருஷனோடு கோத்தகிரியில் பேக்கரி வைத்தாள். கடை திறந்த அன்று அப்பா வந்தார். வாழ்த்த வரவில்லை.

"பென்ஷனோட வர்ற வேலையை விட்டுட்டு ரொட்டி சுடறியா? இனிமே உன் வாசப்படியை மிதிச்சேன்னா என்னைச் செருப்பால அடி."

தெருவே கேட்கச் சொன்ன வார்த்தை. அதற்கப்புறம் குழந்தை பிறந்தது. பாக்கியம் அடிக்கடி போய்வருவாள். போய்வந்த சேதியைப் புருஷனிடம் சொல்லமாட்டாள், அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

"பிள்ளைக்குத் தலை நின்னுடுச்சு."

"இந்தப் பனியில காதெல்லாம் ஜில்லுன்னு இருக்கு பாவம்."

ஹாலில் இருந்தபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பதில் சொன்னால் மானம் போய்விடும் இல்லையா? குல்லா முடிந்ததும் பாக்கியத்திடம் கொடுத்தனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் குல்லாதான் முடியமாட்டேன் என்றது.

உறைபனி விழ ஆரம்பித்த வாரம், வகுப்புக்கு வெறுங்கையோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பின்னல் எங்கே சார்?"

"எப்படிப் பின்றது? என் பொண்டாட்டி அளவைச் சட்னி அரைச்சிட்டா!"

கூடம் விழித்தது.

"தேங்காய் வெச்சிருந்தேன் டீச்சர். பூஜை அலமாரியில. அதுலதான் குல்லாவை மாட்டி மாட்டிப் பார்ப்பேன். சரியான அளவு. இன்னிக்குக் காலைல இட்லிக்கு வந்துடுச்சு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒருத்தி எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை.

"குழந்தை தலை அந்தத் தேங்காய் அளவுன்னு யார் சொன்னா?"

"நான் எங்கே பார்த்தேன்? குத்துமதிப்பாத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பேரனின் முகத்தைப் பார்க்காத தாத்தா என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் வெள்ளை நூலுண்டையிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கத்தரித்து அவரிடம் நீட்டினார்.

"காதுக்கு மேலே தலையைச் சுற்றி அளங்க. சேர்ற இடத்துல முடிச்சுப் போட்டுக் கொண்டு வாங்க."

"நாளைக்குப் பாக்கியம் போறா. அவகிட்டக் கொடுத்துவிடறேன்."

"பின்ற கைதான் அளக்கணும்."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"என் வகுப்புல இருக்கு."

"அந்த வாசலை மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன் டீச்சர் நான். ஊர் கேட்கச் சொன்னது."

"அப்படியா" என்றார் டீச்சர். "சரி. தேங்காய்க்கே பின்னுங்க."

அடுத்த பெண்ணின் பின்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. தன்னை இப்படிப் பேச ஒருத்தருக்கும் தைரியம் வந்ததில்லை. கலெக்டர்கூடக் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார். நூலை விரலில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று மார்க்கெட்டுக்கு நடந்தார். தேங்காய்க் கடையில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

கடைக்காரர் கேட்டார்: "சட்னிக்கா சார், சாமிக்கா?"



ஏகாம்பரம் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தார். குடுமியும் நாரும் மூன்று கண்ணுமாக அது அவரைப் பார்த்தது. மெதுவாக அதைக் குவியலிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போகும் வழியெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது.

பேக்கரியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பின்கட்டுதான் வீடு. தமயந்தி முழங்கை வரை மாவோடு வாசலுக்கு வந்தாள்.

படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார் ஏகாம்பரம். மகளின் பார்வை அந்தச் செருப்பின் மேல் போய் நின்றது. அவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் பஸ்ஸில் முடிவு செய்திருந்தார்.

"அம்மா வரலையா?"

"இல்லை."

"என்ன விஷயம்?"

"அளவெடுக்க வந்தேன்."

"எதை? கடையையா? ரோட்டுல ஒரு அடிகூட ஏறலை. பட்டா இருக்கு."

"தலையை" என்றார் அவர். நூலை எடுத்துக் காட்டினார். "குல்லாவுக்கு."

தமயந்தி நூலைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி ஆட்காட்டி விரல் காய்த்துப் போயிருந்தது. வழிவிட்டு நின்றாள்.

அவர் படியை மிதித்து உள்ளே போனார்.

குழந்தை பாயில் குப்புறக் கிடந்தது. தலையைத் தூக்கி இவரைப் பார்த்தது. அது தேங்காய் அளவே இல்லை. எவ்வளவோ பெரிய தலை.

ஏகாம்பரம் மண்டியிட்டு உட்கார்ந்து நூலைக் கொண்டுபோனார். குழந்தை அதை லபக்கென்று பிடித்துக்கொண்டது.

இழுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

நூலின் ஒரு நுனி அவர் விரலில். இன்னொரு நுனி அந்த முஷ்டியில். அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுப்பில் ரொட்டி சிவந்து, தமயந்தி போய்த் தட்டை எடுத்துவிட்டுத் திரும்பி வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க ஒரு கை வேண்டுமே, துடைக்கவில்லை.

குழந்தைக்கு அலுத்துப்போய் முஷ்டி விரிந்தது. நூல் அதுவே வந்தது.

காதுக்கு மேலே அதைச் சுற்றினார். இரண்டு நுனியையும் நெற்றியில் சேர்த்து, பழக்க தோஷம், இறுக்கி முடிச்சுப் போடப் போனார்.

பின்னாலிருந்து மகள் சொன்னாள்:

"கொஞ்சம் விட்டுக் கட்டுங்கப்பா. வளர்ற தலை."