முட்டுக்கட்டை போட்டவர் சொன்ன சரித்திரம்

கல்லூரியில் சரித்திரம் படித்த உச்சிமாகாளிக்கு வந்த குழப்பத்தைக் கேளுங்கள். பண்பாடு, அதிகாரம், சமூகம் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார் பேராசிரியர் அறம்வளர்த்தநாதன். அவள் தன் ஊர்த் தேரோட்டத்தை எழுதினாள். வடம் பிடிப்பது பெரிய வீட்டுக்காரர்கள்தான்; ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மனசு வைத்தால்தான் தெருமுனையில் தேர் திரும்பும் என்று எழுதினாள்.

"இதை யாரு சொன்னா?"

"எங்கப்பா சார். கட்டை போடுறதே அவருதான்."

"உங்கப்பா என்ன புத்தகமா? அச்சுல வந்தாத்தான் சரித்திரம். நாளைக்குப் புத்தகத்தைக் காட்டு. இல்லேன்னா கையெழுத்துக் கிடையாது, பரீட்சையும் கிடையாது."

அப்பா பேச்சை எந்தப் புத்தகத்தில் போய்த் தேட? தலை சுற்றிப்போய் நூலகத்தைக் குடைந்தாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. வீட்டுக்கு ஓடி அப்பாவிடமும் விசாரித்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பு நிறைந்திருக்கும்போது புத்தகத்தை நீட்டினாள். பேராசிரியரே எழுதின புத்தகம்! அறுபத்தோராம் பக்கத்தில் அதே முட்டுக்கட்டைச் சங்கதி.

"பாத்தியா, இதுதான் ஆதாரம்!" அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"ஒரு குழப்பம் சார். உங்களுக்கு இதை யாரு சொன்னான்னு இதுல போடலையே?"

"அது... தேரடியில ஒரு பெரியவர்..."

"அவரு உங்களுக்குப் பதநீர் வாங்கிக் கொடுத்தாராமே சார்? எங்கப்பா உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"உங்கப்பா பேரு என்னம்மா?"

சொன்னாள். கட்டுரைக்கு அடியில் அந்தப் பேரைத் தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.