மழைமானி கண்ட கப்பல் கனவு

மேகம் ஜன்னல் வழியே வந்துபோகும் ஒரு மலையூரில், கருவிகளுக்கு இயங்குதளம் செய்யும் அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் அருளப்பன் ஒருநாள் உத்தரவு போட்டார்: "ஒவ்வொரு பாகத்தையும் இயக்குற டிரைவர் நிரல் நம்மகிட்ட இருக்கிறது அத்தனையும் எல்லாக் கருவியிலும் தானாவே சேரணும்."

அன்று முதல் உள்ளங்கையளவு மழைமானிகூட விழிக்கப் பார்க்கும்போதெல்லாம், அந்த டிரைவர்கள் கேட்டபடி, தன்னிடம் இல்லாத கப்பல் ராடாரைத் தேடியது, ஆஸ்பத்திரி ஸ்கேனரைத் தேடியது. தேடித் தேடியே கனவில் கிடந்தது. வெளியே மழை அளப்பாரில்லாமல் பெய்தது.

"எந்த டிரைவரையும் எடுக்காம இந்த மழைமானியைச் சட்டுனு எழுப்பு. முடியலன்னா வேலைக்கு வராதே" என்றார் அருளப்பன், புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லியிடம்.

மதியச் சாப்பாட்டை முறைவைத்துப் பரிமாறுவது அங்கே வழக்கம். மறுநாள் அவள் முறை. தலைவரின் இலையில் கைக்குழந்தைக்கான கேழ்வரகுக் கூழ், பிள்ளை பெற்றவளுக்கான பத்தியக் குழம்பு, பல்லில்லாதவருக்கான குழைந்த கஞ்சி எல்லாம் வைத்தாள். சோற்றுக்கு இடமில்லை.

"என்னம்மா இது! நான் என்ன பிள்ளை பெத்தவளா?"

"மழைமானி மட்டும் கப்பலா சார்?"

மேகம் ஒன்று இருவருக்கும் நடுவே மெல்லக் கடந்தது. அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பும் தண்ணியும் எல்லாருக்கும் வை. மத்ததெல்லாம் ஆளைப் பார்த்து வை" என்றார்.

"டிரைவரையும் அதே மாதிரி கருவியைப் பார்த்து வைக்கட்டுமா சார்?"

அவர் சரியென்று தலையாட்டினார். அன்று மாலை, தனக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் இருந்த மழைமானி சட்டென விழித்து, முதல் துளியை எண்ணியது.